பருத்தித்துறையிலிருந்து சுண்டிக்குளம் வரை கரையால் நடந்து, கூடாரம் அடித்துத் தங்க முடியுமா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான். கனடாவில் வன்கூவர் தீவின் பசுபிக் கரையோரமாகச் செல்லும் 75 கிலோமீற்றர் நீளமான மேற்குக் கரைப் பாதையை நண்பர்களோடு நடந்து முடித்திருக்கிறீர்கள். அம்மாவின் ஊர் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பருத்தித்துறை என்பதால், அங்கிருந்து சுண்டிக்குளம் வரை அதே முறையில் கடற்கரையால் நடந்து, இடையில் கூடாரத்தில் தங்கலாமா, எந்த மாதம் நல்லது, எவற்றைக் கொண்டுவர வேண்டும் என்று அறிய விரும்புகிறீர்கள். நடக்கலாம். அந்தக் கரையை நான் முழுதாக மூன்று முறையும், துண்டு துண்டாகப் பல முறையும் நடந்திருக்கிறேன். ஆனால் பசுபிக் கரையில் உயிரைக் காக்கக் கற்றுக்கொண்டவற்றில் பாதி இங்கே உதவாது. இங்கே உயிரைக் காப்பவை மூன்று. குடிநீர் எங்கே கிடைக்கும் என்பது, காற்று எப்போது மாறும் என்பது, நீங்கள் நிற்கும் கரை யாருடைய தொழிலிடம் என்பது. தூரக் கணக்கை இவற்றுக்குப் பிறகுதான் போட வேண்டும்.

முதலில் வற்றுப் பெருக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வன்கூவர் தீவுக் கரையில் கடல் மூன்று மீற்றருக்கு மேலும் ஏறி இறங்குவதால், வற்று நேரம் தெரியாமல் பாறை முனைகளைக் கடக்க முற்படுபவர் குன்றுக்கும் கடலுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்வார். அதனால்தான் அங்கே அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. குன்றுகளும் இல்லை. ஆகவே இங்கே வற்றைப் பார்த்து நடப்பது உயிருக்காக அல்ல, காலுக்காக. கடல் வற்றியிருக்கும் வேளையில் அலையடியில் தோன்றும் ஈரமான இறுகிய மணற்பட்டியில் மணிக்கு நான்கு கிலோமீற்றர் நடக்கலாம். மேலே பொருபொருத்த மணலில் இரண்டு கிலோமீற்றர் நடந்தாலே பெரிய காரியம். தெற்கு நோக்கிச் செல்லும்போது கடல் எப்போதும் இடப்பக்கம் இருப்பதாலும், கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதாலும், இடக்கால் நாள் முழுதும் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருக்கும். இரண்டாம் நாள் மாலையில் இடுப்பும் வல முழங்காலும் நோவது இதனால்தான். மணிக்கொரு தடவை கரையேறி, சமநிலமான மணலில் சிறிது தூரம் நடந்துவிட்டு இறங்குங்கள்.

நேர்கோட்டில் பார்த்தாலே 50 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் இது. 1916 இல் கட்டப்பட்ட பருத்தித்துறை வெளிச்சவீட்டை அண்டிய கரை முருகைக்கல் கரை. தும்பளைப் பக்கம் வரை கல்லும் பாரும்தான். வெறுங்காலோடு இறங்கினால் பாதம் கிழிந்துவிடும் என்பதால் இந்தத் துண்டில் தடித்த அடி கொண்ட சப்பாத்து அவசியம். கற்கோவளம் தாண்டியதும் கல் மறைந்து மணல் தொடங்கும். உள்ளே வல்லிபுர ஆழ்வார் கோயில் இருக்கிறது. புரட்டாதியில் சுவாமி இந்தக் கடலுக்குத்தான் தீர்த்தமாட வருகிறார். வல்லிபுரத்தில் 1936 இல் கண்டெடுக்கப்பட்ட பொன்னேடு, ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே ஊர் இருந்ததைக் காட்டுகிறது. இந்த மணலை வெறும் வெளியென்று நினைக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அதை அடுத்து வரும் மணற்காட்டில் மணற்குன்றுகளும் சவுக்கந்தோப்பும் உள்ளன. மணல் மூடிக் கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களை அங்கே பார்க்கலாம். பிறகு அம்பன், நாகர்கோவில், குடாரப்பு, மாமுனை, செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி எனக் கிராமங்கள் கடலோரமாக வரும். அப்பால் உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு. கட்டைக்காட்டுக்கு அப்பால் வீடுகள் அருகிவிடும். உண்மையில் ஆளரவமற்ற கரை அங்கேதான் தொடங்குகிறது.

மாதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்கு விடுமுறை கிடைப்பது மார்கழியிலும் (டிசம்பர்) ஆடி, ஆவணியிலும் (ஜூலை, ஓகஸ்ட்) என்று எழுதியிருக்கிறீர்கள். மார்கழியில் வராதீர்கள் என்று தெளிவாகச் சொல்கிறேன். ஐப்பசி முதல் மார்கழி வரைதான் எங்களுக்கு மாரி. வங்காள விரிகுடாவில் தாழமுக்கமும் புயலும் உருவாகும் காலமும் அதுவே. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று இந்தக் கரைக்கு நேர் எதிராக அடிப்பதால் கடல் ஏறி, நீங்கள் நடக்க வேண்டிய இறுகிய பட்டியையே விழுங்கிவிடும். வைகாசிக்குப் பின் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பும். அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கடல் குளம்போலப் படுத்திருக்கும். அந்த அமைதியை நம்பக்கூடாது. காற்றடைத்த மெத்தையோ ரயர் ரியூப்போ போட்டு மிதப்பவரை அதே காற்று சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோய்விடும். சோளகக் காலத்தில் மணற்காட்டுக் குன்றுகளின் மணல் முகத்திலும் கண்ணிலும் அடிக்கும், கிணறுகளும் வற்றியிருக்கும். மாசி (பெப்ரவரி) நடுப்பகுதி முதல் பங்குனி (மார்ச்) முடியும் வரை உள்ள ஆறு கிழமைகளே சிறந்தவை. வாடை தணிந்திருக்கும், மாரியில் நிரம்பிய கிணறுகளில் தண்ணீர் இருக்கும், சுண்டிக்குளத்தில் பூநாரைகளும் பெரும்பாலும் இன்னும் நிற்கும். சித்திரையில் பிற்பகல் இடி மின்னல் தொடங்கிவிடும். வெட்ட வெளிக் கரையில் உயரமான பொருள் நீங்களாகவோ தனிப் பனையாகவோதான் இருக்கும் என்பதால், அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. ஆவணியில் மட்டுமே வர முடியுமென்றால், மணற்காட்டிலிருந்து தாளையடி வரை ஓர் இரவுப் பயணமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

இனித் தண்ணீர். இதைத்தான் நான் அதிகம் விளக்க விரும்புகிறேன், ஏனெனில் வன்கூவர் தீவில் ஒவ்வொரு சிற்றாறும் கடலில் விழும் இடத்தில் நீங்கள் போத்தலை நிரப்பியிருப்பீர்கள். குடாநாட்டிலோ ஆண்டு முழுதும் ஓடும் ஆறே இல்லை. எங்கள் தண்ணீர் எல்லாம் நிலத்துக்குள் இருக்கும் மழைநீர். கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கூட என்பதால், மணலுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் தாங்கி நிற்கலாம் என்பது கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் அதே கணக்குப்படி கீழேயுள்ள உப்பு மேலே ஏறிவிடும். மணற்குன்று உயர்ந்திருக்கும் இடத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதும், குன்றை அள்ளி விற்ற இடத்தில் கிணறு உவர்ப்பதும் இதனால்தான். கரையில் வாழ்பவர்கள் பூவல் என்ற ஊற்றுக்குழியைத் தோண்டும்போது பாருங்கள்: கடலிலிருந்து குன்றின் மறுபக்கம் சென்று, கையாலும் சிரட்டையாலும் இடுப்பளவுக்குள்தான் தோண்டுவார்கள். ஊறி வரும் முதல் தண்ணீரைக் கலங்கலோடு இறைத்து ஊற்றிவிட்டு, இரண்டாவது ஊற்றைத்தான் குடத்தில் எடுப்பார்கள். கூட ஆழம் தோண்டினால் கூடத் தண்ணீர் வரும் என்று எண்ணி, நான் ஒரு முறை அம்பனுக்குத் தெற்கே ஆளளவு தோண்டி உவர்நீரைத்தான் கண்டேன். மருதங்கேணி, வெற்றிலைக்கேணி என்று ஊர்ப்பெயர்களிலேயே கேணி இருப்பதைக் கவனியுங்கள். தண்ணீர் நின்ற இடத்தில்தான் ஊர் நின்றிருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்டது என்றாலும், வழிப்போக்கர் அதில் தண்ணீர் பிடிக்க முடியாது.

ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து முதல் ஆறு லீற்றர் வேண்டும், சமையலுக்கு வேறு. அவ்வளவையும் மூன்று நாளுக்குச் சுமக்க எவராலும் இயலாது. ஆகவே ஒவ்வொரு நாளின் முடிவிடமும் கிராமத்துக் கிணற்றுக்கு அரை மணி நேர நடைக்குள் இருக்கும்படி திட்டமிடுங்கள். கிணற்றுநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். கட்டைக்காட்டுக்குப் பின் கிணற்றை நம்பவே வேண்டாம். அங்கே புறப்படும்போது இரண்டு நாளுக்குரிய தண்ணீர் முதுகில் இருக்க வேண்டும்.

கண்ணிவெடி விடயத்தில் எந்தத் தளர்வும் கூடாது. முகமாலையிலிருந்து நாகர்கோவில் வரை பல ஆண்டுகள் போர்முனையாக இருந்தது. 2009 இல் போர் முடிந்த பின் மிதிவெடி அகற்றும் பணி நடந்து, பெரும்பகுதி நிலம் மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. ஆயினும் மாரிவெள்ளம் மண்ணை அரிக்கும்போது புதைந்தவை இடம் மாறவும் மேலே தெரியவும் கூடும். அதனால் நாகர்கோவில் பகுதியில் அலையடியை விட்டு விலகிப் பற்றைக்குள் போகாதீர்கள், இயற்கைக் கடனுக்காகக்கூட. ஊர் மக்களும் மாடுகளும் நடந்து தேய்ந்த பாதை தவிர வேறு வழியால் உள்ளே செல்ல வேண்டாம். மண்டையோட்டுப் படத்துடன் சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த காலடியிலேயே திரும்புங்கள். கரையில் ஒதுங்கிய இரும்பையோ பிளாஸ்ரிக் கோப்பை போன்ற பொருளையோ கையால் எடுக்காதீர்கள்.

மூன்றாவது, கரை யாருடையது என்பது. சட்டப்படி அரசுக்குரியது என்றாலும், அந்த மணலின் ஒவ்வொரு துண்டிலும் ஒரு சம்மாட்டியின் (வலைக்குச் சொந்தக்காரரின்) மீன்பிடி நடக்கிறது. கடல் அமைதியான மாதங்களில் விடிய முன்னரே கரைவலை வளைத்துவிடுவார்கள். வலையின் இரு கயிறுகளும் கரையில் சில நூறு மீற்றர் இடைவெளியில் ஏறும்; இழுக்க இழுக்கக் கயிறு இறுகி வரும்போது அது முழங்கால் உயரத்தில் நின்று நடுங்கும், அறுந்தால் சாட்டைபோல அடிக்கும். அந்தக் கயிற்றைத் தாண்டவோ குனிந்து நுழையவோ கூடாது. மேலே ஏறி, கயிறு இழுக்கும் இடத்துக்குப் பின்னால் சுற்றிப் போங்கள், அல்லது வலையின் மீன் சேரும் பையான மடி கரையேறும் வரை பொறுத்திருங்கள். பொறுத்திருப்பவருக்கு ஒரு கை மீன் கிடைக்காமல் போவது அரிது. காசு நீட்டினால் மனம் நோவார்கள். பருத்தித்துறைத் தட்டை வடை ஒரு பொதி கையில் இருந்தால் அதை அங்கே வைத்துவிட்டு வாருங்கள். அந்த வடை நாட்கணக்கில் பழுதாகாது என்பதால், உங்கள் வழிச்சோற்றுக்கும் அவலோடும் பனங்கட்டியோடும் அதுதான் சிறந்தது.

கூடாரம் அடிக்க முன் அருகிலுள்ள வாடியில் (மீனவர் தங்கும் கொட்டிலில்) கேளுங்கள். கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். கரையில் கடற்படையின் காவல் நிலைகள் உண்டு; இந்தக் கரையால் இரவில் கஞ்சா கடத்தப்படுவதால், கரையில் அசையும் வெளிச்சம் எதையும் அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். கடவுச்சீட்டை உடன் வைத்திருங்கள், இருட்டிய பின் நடக்காதீர்கள், கடலை நோக்கி ரோச் அடிக்காதீர்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது. மணலுக்குள்ளிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைக் கடலென்று நம்பி நகர்பவை. உங்கள் விளக்கு அவற்றை உயிரோடு நிலத்துக்குள் இழுத்துவிடும்.

கூடாரத்தைப் பற்றி எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முதல் பயணத்தில் மாமுனைக்கு அருகே, கடற்காற்று நன்றாக அடித்த ஒரு மாசி மாலையில், வாசலை நிலத்தை நோக்கி வைத்து, இரும்பு முளைகளை அடித்துக் கூடாரத்தை நிறுத்தினோம். பக்கத்து வாடியிலிருந்து ஒரு பெரியவர் வந்து பார்த்தார். "தம்பியவை, உந்த ஆணி மணலுக்கு நிக்காது. விடியப்புறம் கரைக்காத்து மாறி அடிக்கும், வாசலுக்குள்ளாலதான் பூரும்" என்றார். நாங்கள் சிரித்துத் தலையாட்டினோமே தவிரக் கேட்கவில்லை. பகலில் நிலம் சூடாவதால் கடலிலிருந்து வரும் காற்று, இரவில் நிலம் குளிர்ந்தபின் திசை மாறும் என்பதை வகுப்பில் ஆண்டுதோறும் படிப்பித்தவன் நான். விடிய மூன்று மணிக்கு வாசல் வழியாகக் காற்றுப் புகுந்து, கூடாரம் ஊதிய பலூன்போல எழும்பி, முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. விடிந்ததும் அந்தப் பெரியவர் வெறும் உரப்பைகள் நான்கைக் கொண்டுவந்து செய்து காட்டினார். பையை முக்கால் பங்கு மணலால் நிரப்பி, வாயைக் கயிற்றால் முறுக்கிக் கட்டி, அதே கயிற்றின் மறுநுனியைக் கூடாரத்தின் மூலையில் பிணைத்து, முழங்கை ஆழக் குழியில் பையைக் குறுக்காகக் கிடத்தி, மணலை மூடிக் காலால் மிதித்தார். நான் என் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தும் அது அசையவில்லை. அதன் பின் ஒரு முறையும் நான் முளை கொண்டுபோனதில்லை.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது, காய்ந்த சாதாளையும் (கடற்தாவரம்) குப்பையும் கோடாக ஒதுங்கிக் கிடக்கும் உச்சப் பெருக்கு அடையாளத்துக்கு நன்றாக மேலே போங்கள். ஆனால் குன்றின் முதுகில் அடிக்காதீர்கள்; அங்கே படர்ந்திருக்கும் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது அந்த மணலைப் பார்த்தவர் சொன்ன வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும். ஓரிரவு அதன்மேல் உருண்டு படுத்தால், அடுத்த வாடைக்கு அந்த இடத்தில் குன்று உடையும். பனையின் கீழும் வேண்டாம், காவோலை விழும். சவுக்கந்தோப்புக்குள் நெருப்பு மூட்டவே கூடாது. சருகு பெற்றோல்போலப் பற்றும். சிறிய காஸ் அடுப்பு போதும். வெளியில் விறகு மூட்டினால் தணலை மணலால் மூடிவிட்டுப் போகாதீர்கள். மூடிய தணல் அடுத்த நாளும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும், வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை மிதித்துவிடும். கடல்நீர் ஊற்றி, கையை வைத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

வெயிலில் நடப்பதென்றால் விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரையும், பின்னேரம் மூன்றரையிலிருந்து ஆறு வரையும் மட்டுமே. இப்படி நடந்தால் நாளொன்றுக்கு 12 முதல் 15 கிலோமீற்றர் வரும். அதனால் மூன்று இரவு என்பது இறுக்கமான கணக்கு; நான்கு இரவு என வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மணற்பாங்கான கரைகளில் சுருட்டை விரியன் உண்டு; சிறியது, மணல் நிறம், இரவில் திரிவது. சப்பாத்தை உதறாமல் காலை நுழைக்காதீர்கள். கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்சை அழையுங்கள். குளிப்பதற்கு உள்ளூர்ப் பிள்ளைகள் குளிக்கும் இடம் தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம்.

2004 மார்கழி (டிசம்பர்) 26 காலையில் ஆழிப்பேரலையால் இந்தக் கரைக் கிராமங்கள் நிமிடங்களில் அழிந்தன. உடுத்துறையில் நினைவிடம் இருக்கிறது, அங்கே சற்று நின்று செல்லுங்கள். கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் பொருட்களை விட்டுவிட்டு உள்ளே ஓடுங்கள். பல இடங்களில் கடலுக்கும் உட்புறத்திலுள்ள களப்புக்கும் (நீரேரிக்கும்) இடையில் நிலம் ஒடுங்கியது என்பதால், உள்ளே போகும் பாதை எது என்பதை ஒவ்வொரு தங்குமிடத்திலும் பகலிலேயே நடந்து பார்த்து வையுங்கள்.

சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015 இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்ட இடம். அதற்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றித் தங்க முடியாது. களப்பில் முதலையும் உண்டு. கனகராயன் ஆற்றின் வெள்ளம் இந்தக் களப்புக்குத்தான் வருகிறது. மாரியில் மணல்திட்டு உடைந்து கடலோடு கலந்த வாய் பங்குனியிலும் முழுதாக மூடாமல் இருக்கலாம். ஆழம் தெரியாமல் கால் வைக்காதீர்கள், கட்டைக்காட்டிலேயே கேட்டறியுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் கட்டைக்காட்டோடு நிறுத்திவிட்டு, பூங்காவைப் பகலில் வாகனத்தில் பார்ப்பதே சரி. நடந்து முடிக்கும் இடத்தில் பஸ்ஸை எதிர்பார்க்க வேண்டாம். கடைசி நாள் மத்தியானத்துக்கு ஒரு ஓட்டோவையோ வானையோ முன்னரே பேசி வையுங்கள், அதில் பத்து லீற்றர் தண்ணீரும் வரட்டும். உரப்பைகளைக் கனடாவிலிருந்து சுமந்து வரத் தேவையில்லை. பருத்தித்துறையில் உரம் விற்கும் எந்தக் கடையிலும் வெறும் பை வாங்கலாம். கூடாரம் ஒன்றுக்கு நான்கும், கிழிந்தால் மாற்றுவதற்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.